பந்தயத்தைச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்டுங்கள்

(கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், பிள்ளைகளை வைத்து மாலை வேளைகளில் கதையாட்டம் நடத்திவரும் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை இங்கே அழைத்த தம்பி போனில் சொன்ன குறையை அப்படியே சொல்லிவிடுகிறேன். "ஐயா, ஆறு பிள்ளைங்கள உட்கார வெச்சு ஆட்டத்த ஆரம்பிக்கிறோம். கொஞ்ச நேரம் நல்லாப் போவுது. அப்புறம் ஒருத்தன் போனை எடுக்கிறான், ஒருத்தி வாசலையே பாக்குறா, ரெண்டு பேரு கிள்ளிக்கிட்டுக் கிடக்குறாங்க. அவங்களக் கவனிக்க வைக்க ஒரு வழி சொல்லுங்க."

வழி இருக்கிறது. ஆனால் அது பிள்ளைகளிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முன்வரிசையில் பெரியவர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். என்ன ஆட்டம், என்ன கதை என்று உங்களுக்குத் தோன்றலாம். டேபிள்டாப் ரோல்-பிளேயிங் கேம் என்று இதற்குப் பெயர். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தி வில்லாளி, ஒருவன் வைத்தியன், ஒருவன் திருடன். "காட்டுக்குள் போகிறீர்கள், எதிரே உடைந்த பாலம், என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். அவரவர் தம் வேஷத்துக்கு ஏற்றபடி பதில் சொல்வார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்டுவார்கள். மேடை கிடையாது, ஒப்பனை கிடையாது. காகிதம், பென்சில், பகடை, வாய்ப்பேச்சு, அவ்வளவுதான்.

நான் கூத்துப் பார்க்கிறவன். பார்த்ததை எழுதுகிறவன். என் அக்கா பேத்தி பெங்களூரில் படிக்கப் போன இடத்தில் இந்த ஆட்டத்தைப் பழகிக்கொண்டு வந்து, ஒரு பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் எங்களை உட்கார வைத்து நடத்தினாள். பார்த்ததும் எனக்குத் தோன்றியது, கூத்தில் கதையை நடத்திப் போகிற கட்டியங்காரன் வேலை அல்லவா இவள் பார்க்கிறாள் என்பதுதான். அந்தக் கண்ணோடுதான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் இந்த ஆட்டம் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் குறைக்கு அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. 1824இல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி, வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்திப் போர் பழகும் ஆட்டம் ஒன்றைச் செம்மைப்படுத்திக் கொடுத்தார். நடுவில் ஒரு நடுவர் இருப்பார், பகடையும் இருக்கும். அந்த வழியில் வந்த போர் ஆட்டங்களை நூறு வருஷத்துக்கு மேல் கழித்து அமெரிக்காவில் பொழுதுபோக்காக ஆடிக்கொண்டிருந்தார்கள். 1969இல் மின்னசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர், நெப்போலியன் காலத்து ஜெர்மன் சிற்றூர் ஒன்றைக் களமாக வைத்து ஓர் ஆட்டம் தயாரித்தார். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்துவிட்டார்கள். படைத்தலைவன் வேஷம் எல்லாருக்கும் கிடைக்காதே! ஆகவே மிச்சப் பேருக்கு ஊர்த் தலைவர், வங்கிக்காரர், கல்லூரித் தலைவர் என்று வேஷம் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் காரியமும் கொடுத்துவிட்டார்.

நடந்தது என்ன தெரியுமா? ஒருவரும் தன் முறை வரட்டும் என்று காத்திருக்கவில்லை. மூலைக்கு மூலை போய்க் குசுகுசு என்று பேரம் பேசினார்கள், சதி செய்தார்கள், இரண்டு பேர் ஒண்டிக்கு ஒண்டி சண்டைக்கே போய்விட்டார்கள். போர் தொடங்கவே இல்லை. ஆட்டம் கெட்டுப்போய்விட்டது என்று வெஸ்லி நொந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். வந்தவர்களோ, அடுத்தது எப்போது என்று கேட்டு நச்சரித்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன்தான் பின்னால் கேரி கைகாக்ஸோடு சேர்ந்து, 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தவர். முதல் அச்சு ஆயிரம் பிரதி. கைகாக்ஸ் அதை முதலில் ஆடிப் பார்த்தது தன் வீட்டுப் பிள்ளைகள் இருவரை வைத்து.

வெஸ்லி எதைத் தோல்வி என்று நினைத்தார்? கதை தன் கையை விட்டு நழுவியதை. அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவருக்காவது கொட்டாவி வந்திருக்குமா? வந்திருக்காது. அவரவருக்கு ஒரு காரியம் இருந்தது, அது இன்னொருவர் தயவில்லாமல் முடியாது. உங்கள் மேசையில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணுக்கு என்ன காரியம் கொடுத்தீர்கள்? "நீ வில்லாளி, இவங்ககூட வா" என்றால், அவள் கூட வருகிறாள், அவ்வளவுதான். கூட வருகிறவளுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறென்ன வேலை?

சரி, மின்னசோட்டாவை விட்டு நம் பக்கம் வருவோம்.

பழைய தென்னார்க்காடு பூமி இது. செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிக் கோயிலைத் திரௌபதி அம்மனின் ஆதி கோயில் என்று மரபு சொல்கிறது. அங்கிருந்து நாலாபக்கமும் பரவிய கோயில்களில் பாரதம் நடக்கிறது. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இதற்காகவே 1988இலும் 1991இலும் இரண்டு தடித்த புத்தகம் எழுதினார். நமக்குப் புத்தகம் வேண்டாம், பக்கத்து ஊருக்கு நடந்தால் போதும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிக் கதை சொல்வார். ராத்திரி அதே கதை கூத்தாக ஆடப்படும். பத்து நாள், பதினெட்டு நாள் என்று ஊருக்குத் தக்கபடி. ராத்திரி பத்து மணிக்கு மத்தளம் தட்டினால் விடியும்போதுதான் நிற்கும். பாட்டிகள், கைக்குழந்தைக்காரிகள், காலையில் களை வெட்டப் போக வேண்டியவர்கள், எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். கதை தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. பகலில் வேறு கேட்டாயிற்று. பிறகு எது அவர்களை உட்கார வைக்கிறது?

பகடை துகில் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்டத்துக்கு நேர் தாய் அதுதான், அதிலும் பகடைதான் உருளுகிறது. சகுனி ஒரு பக்கம், தருமர் ஒரு பக்கம். தருமர் தோற்பார் என்று மடியில் கிடக்கும் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு உருட்டுக்கும் கூட்டம் கழுத்தை நீட்டுகிறது. காரணம், உருட்டுவதற்கு முன்னால் பந்தயம் சொல்லப்படுகிறது. என்ன வைக்கிறாய்? முத்தும் மணியும் வைத்தேன். உருளுகிறது, போயிற்று. அடுத்து என்ன வைக்கிறாய்? தேர், யானை, சேனை, நாடு. போயிற்று. இனி என்ன இருக்கிறது? அந்த இடத்தில் மத்தளக்காரர் கையை இறக்கிவிடுவார். தாளம் மட்டும் மெல்ல விழும். தருமர் வேஷக்காரர் தம்பிமார் பக்கம் திரும்புவார். நகுலன். பிறகு சகாதேவன். அர்ஜுனன், பீமன். கடைசியில் தன்னையே வைக்கிறார். அதற்கும் பிறகு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்பதைச் சகுனி ஞாபகப்படுத்துவான் பாருங்கள், அந்த இடத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து மண் வாரித் தூற்றாத குறையாகச் சாபம் கிளம்பும். சகுனி வேஷக்காரருக்கு அதுதான் பரிசு.

இப்போது உங்கள் மேசைக்கு வாருங்கள். "சுவர் ஏறுறியா? பகடை போடு. ஏழா? சரி, ஏறிட்ட." இதில் என்ன இருக்கிறது? விழுந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் சொல்லவே இல்லை. பகடையைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் பந்தயத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். "ஏறிட்டேன்னா காவல்காரன் முதுகுப் பக்கம் இறங்குவே. தவறுனா, நீ இல்ல, கீழே உனக்குத் தோள் கொடுத்துக்கிட்டு நிக்கிறானே இவன், இவன் மாட்டிக்குவான். ஏறுறியா?" இப்போது மேசையில் இரண்டு பேர் நிமிர்ந்துவிட்டார்கள். மாட்டிக்கொள்ளப் போகிறவன் "வேணாம்டா" என்று கத்துவான். போன் தானாகக் கீழே போய்விடும். இரண்டு பக்கத்துக்கும் பந்தயம் சொல்ல வராத இடத்தில் பகடையைத் தொடவே தொடாதீர்கள். கதவு சும்மா திறக்கட்டும்.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. ரகசியத்தை நம்பாதீர்கள். புதிதாகக் கதை நடத்துகிறவர்களுக்கு உள்ள வியாதி இது. கடைசியில் ஒரு திருப்பம் வைத்திருக்கிறேன் என்று மூன்று வாரம் மூடி மூடி நடத்துவார்கள். அதுவரை பிள்ளைகளுக்கு எதற்கு நடக்கிறோம் என்றே தெரியாது. அபிமன்யு சாகப் போகிறான் என்று தெரிந்துதான் ஊர் அவனை விடிய விடியப் பார்க்கிறது. "இன்னிக்கு ராத்திரி அந்தப் பாலத்தை உடைக்க ஆள் வரப் போறாங்க" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். எப்போது, எந்தப் பக்கமிருந்து என்று அவர்கள் காத்திருப்பார்கள்.

அடுத்தது திரை. கூத்தில் ஒரு வேஷம் எப்படி வருகிறது என்று உன்னித்துப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பேர் ஒரு துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் முனை மட்டும் மினுக்கும். கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். உள்ளேயிருந்து பாட்டு. துணியின் மேல் விளிம்பை ஒரு கை பிடிக்கும், ஆட்டும், விடும். கட்டியங்காரன் வெளியே நின்று, யார் வந்திருப்பது, எந்த ஊர், எந்தக் குலம், இவ்வளவு சத்தம் எதற்கு என்று வம்புக்கு இழுப்பான். உள்ளே இருப்பவர் தன் பெருமையைத் தானே சொல்ல வேண்டும். திரை விலக நெடுநேரம் பிடிக்கும். துரியோதனனுக்கு மட்டும் இந்த மரியாதை என்று நினைக்காதீர்கள். துச்சாதனனுக்கும் திரை உண்டு.

உங்கள் ஆறு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு திரை கட்டுங்கள். முதல் நாள் முழுக்க அதற்கே போனாலும் போகட்டும். நீங்கள் கட்டியங்காரனாக நின்று கேள்வி மட்டும் கேளுங்கள். "யாரம்மா நீ? வில்லு எங்கே வாங்கினே? காசு கொடுத்தியா, திருடினியா? உன்னைத் தேடிக்கிட்டு ஒருத்தன் அலையுறானாமே, என்ன சங்கதி?" அவள் பதில் சொல்லச் சொல்ல அது அவள் கதையாகிவிடும். அவளைத் தேடுகிற ஒருவனை அவளே உண்டாக்கிவிட்ட பிறகு, வாசலில் என்ன நடந்தால் அவளுக்கென்ன? பக்கம் பக்கமாக நாட்டு வரலாறு எழுதி வந்து வாசிக்கிறவர்கள் இங்கே இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கட்டியங்காரனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அவனைக் கோமாளி என்று ஒதுக்கிவிடுகிறோம். அவன் வாயில்காப்பான், தூதன், வேடன், புரோகிதன், எல்லாம் அவனே. கூட்டம் கேட்க நினைப்பதை அவன் கேட்பான். ராஜா பேசிய கனத்த வசனத்தை நம் பேச்சில் திருப்பிச் சொல்வான். எழுந்து டீ குடிக்கப் போய் வந்தவனுக்கு விட்ட கதை அப்படித்தான் கிடைக்கிறது. உள்ளூர் சமாச்சாரத்தை நடுவில் செருகுவான். முன்னால் உட்கார்ந்து தூங்குகிறவரைக் காட்டி, இவருக்காகத்தான் கிருஷ்ணர் மெதுவாகப் பாடுகிறார் என்பான். ஊர் சிரிக்கும், அவரும் விழித்துக்கொண்டு சிரிப்பார். ஒருவரும் அவமானப்படவில்லை. "கவனி, கவனி" என்று அதட்டுகிற கட்டியங்காரனை நான் எங்கும் பார்த்ததில்லை. நடுவில் கூத்தை நிறுத்தி, இன்னார் பீமன் வேஷத்துக்கு ஐம்பது ரூபாய் அன்பளிப்பு என்று அறிவிப்பு வரும். கலை விமர்சகர்களுக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். கொடுத்தவர் பெயர் ஊர் நடுவே ஒலிக்கிறது; விடியும்வரை அவர் அந்த பீமனை விட்டு அசையமாட்டார்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கூத்து பார்க்கிற எல்லாரும் எட்டு மணி நேரமும் விழித்திருக்கிறார்கள் என்று நினைத்தால் நீங்கள் கூத்துக்குப் போனதில்லை என்று அர்த்தம். பிள்ளைகள் பாயிலேயே சுருண்டுவிடுவார்கள். பெரியவர்கள் ஒரு பாட்டுக்குக் கண்ணசந்து மறு பாட்டுக்கு விழிப்பார்கள். சண்டை வருகிறபோது பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்புவார். அந்தத் தூக்கத்துக்கும் கூத்தில் இடம் இருக்கிறது. உங்கள் ஆட்டத்தில் ஒரு பையன் சற்று நேரம் படம் வரைந்துகொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். தன் வேஷத்தின் வாளைத்தான் வரைகிறானோ என்னவோ! இரண்டு மணி நேரமும் ஆறு பேர் கண்ணும் உங்கள் மேலேயே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது கொஞ்சம் துரியோதன ஆசைதான்.

ஆனால் தன் வேஷம் காட்சியில் இல்லாததால் சும்மா இருக்கிற பிள்ளை வேறு. அதற்குக் கூத்தில் மருந்து இருக்கிறது, பின்பாட்டு. வேஷக்காரர் ஒரு அடி பாடினால், பின்னால் பெஞ்சு பக்கம் நிற்பவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அவர்களில் சிலர் கொஞ்ச நேரம் முன்பு வேஷம் கட்டி ஆடியவர்கள், இன்னும் முகத்தில் அரிதாரம் கலையாதவர்கள். திரை பிடிக்கிறவர் யார்? அடுத்த வேஷத்துக்குத் தயாராகிறவராகக்கூட இருப்பார். ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், சும்மா நிற்கிற கை கிடையாது. உங்கள் மேசையிலும் அப்படிச் செய்யுங்கள். வில்லாளியும் வைத்தியனும் சந்தைக்குப் போயிருக்கிறார்கள், திருடன் வேஷக்காரன் சும்மா இருக்கிறான். அவனிடம் சொல்லுங்கள், "இந்தச் சந்தையில நீதான் கிழங்கு விக்கிற பாட்டி. இவங்க ரெண்டு பேரும் பொய் சொல்றாங்கன்னு உனக்குச் சந்தேகம்." அப்புறம் அவனை நிறுத்த முடியாது, உங்களுக்குக் கால்மணி நேரம் வாய்க்கும் ஓய்வு.

இனி ஊரே வேஷம் கட்டுகிற கட்டத்துக்கு வருகிறேன். பாரதத்தில் பகாசுரன் நாளன்று சோற்று வண்டி தெருவில் வரும். பீமன் அதன்மேல் உட்கார்ந்திருப்பான், வீட்டுக்கு வீடு படியளப்பார்கள். அர்ஜுனன் தபசு அன்று நட்டுவைத்த உயர மரத்தில் அர்ஜுனன் பாடிக்கொண்டே ஏறுவான். குழந்தை வரம் வேண்டுகிற பெண்கள் ஈரப் புடவையோடு கீழே காத்திருப்பார்கள். மேலிருந்து அவன் போடும் எலுமிச்சைக்கும் விபூதிக்கும் மடியேந்துவார்கள். கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் தரையில் மல்லாந்து கிடப்பான். பீமனும் துரியோதனனும் அவனைச் சுற்றி ஓட, கூட்டமும் பின்னால் ஓடும். தொடையில் அடி விழும். பாஞ்சாலி கூந்தல் முடிவாள். இங்கே பார்வையாளர் யார், ஆட்டக்காரர் யார்?

நம் மாவட்டத்திலேயே, உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகத்தில், சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழா பதினெட்டு நாள் நடக்கிறது. களப்பலிக்கு முன் ஒரு நாளாவது மணவாழ்வு வேண்டும் என்று கூத்தாண்டவரான அரவான் கேட்க, கிருஷ்ணர் மோகினியாகி அவனை மணந்தார் என்பது கதை. நாடெங்கிலுமிருந்து வரும் திருநங்கைகள் அந்த மோகினியாகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேர் போய் அரவான் பலியானதும் தாலியை அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்தி அழுகிறார்கள். வேண்டுதலுக்காகச் சுற்றுப்பட்டு ஆண்களும் தாலி கட்டிக்கொள்வதுண்டு. அதை நான் விளையாட்டு என்று சொல்லமாட்டேன். அது நேர்த்தி, அவர்களுக்கு வாழ்க்கை. உங்களுக்கு நான் காட்ட விரும்புவது ஒன்றே ஒன்று. அங்கே மோகினியின் துக்கத்தை ஒருவர் விவரித்து மற்றவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கதையின் கடைசிச் செயல் வந்தவர்கள் கையில் இருக்கிறது. உங்கள் கதையிலும் முக்கியமான செயலை, அந்தக் கதவைத் திறப்பதை, அந்தக் கைதியை விடுவிப்பதை, நீங்கள் சொல்லி முடித்துவிடாதீர்கள். பிள்ளைகள் செய்யட்டும். தப்பாகச் செய்தாலும் அவர்கள் செய்யட்டும்.

இப்போது கருணாபுரத்துக்கென்று ஒரு விஷயம். இந்த ஆட்டங்களில் தேய்ந்துபோன தொடக்கம் ஒன்று உண்டு. உலகம் முழுக்க அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "நீங்கள் எல்லாரும் ஒரு மதுக்கடையில் சந்திக்கிறீர்கள்." சத்திரம், குவளை, குடி, சிரிப்பு. அப்புறம் காயம் பட்டால் ஒரு குப்பி மருந்து; குடித்தால் உடனே குணம். புத்தகத்தில் இருக்கிறதே என்று யாராவது இதை இங்கே அப்படியே நடத்தினால் என்ன ஆகும்? 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தது. அதில் பெரும்பங்கு இந்தத் தெருக்களில்தான். இந்த இடத்தில் நின்றுகொண்டு உங்களுக்கு அதை நான் சொல்லத் தேவையில்லை. அப்பாவை இழந்த பிள்ளை உங்கள் மேசையில் உட்கார்ந்திருக்கிறது. மதுக்கடை என்றதும் அது வாசலைப் பார்க்கத் தொடங்கினால், அதற்குக் கவனம் இல்லை என்றா சொல்வீர்கள்?

கூத்துக்காரர்களுக்கு இந்த நிதானம் உண்டு. துச்சாதனன் பாஞ்சாலியின் சேலையில் கை வைப்பதற்கு முன் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்ட பிறகே தொடருவார்கள். வேஷம் வேறு, ஆள் வேறு என்பதை எல்லாருக்கும் தெரியப்படுத்துகிற வேலை அது. இறந்தவருக்குக் கருமாதியன்று கர்ண மோட்சம் வைக்கிற வழக்கமும் வடமாவட்டங்களில் இருக்கிறது. எந்த வீட்டில் எந்தக் கூத்து என்று அவர்களுக்குத் தெரியும். மேலைநாட்டு ஆட்டக்காரர்களும் பட்டு அறிந்து ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பெருக்கல் குறி போட்ட அட்டை ஒன்றை மேசை நடுவில் வைத்துவிடுவார்கள். காட்சி பிடிக்காதவர் அதைத் தொட்டால் போதும். காரணம் கேட்காமல் கதையை வேறு பக்கம் திருப்ப வேண்டும். அதை இங்கே கட்டாயம் வையுங்கள். தொடக்கத்தை வாரச்சந்தைக்கு மாற்றுங்கள், அல்லது கோமுகி அணைக் கரைக்கு. குப்பி மருந்துக்குப் பதில் கல்வராயன் மலைத் தேன் இருக்கட்டும், கடுக்காய் இருக்கட்டும்.

மலை என்றதும் இன்னொன்று. அந்தப் புத்தகங்களில் மலையிலும் காட்டிலும் இருப்பவர்கள் எல்லாம் பூதம், அரக்கன், வெட்ட வேண்டியவன். கல்வராயன் மலைப் பிள்ளைகள் நம் டவுனில் தங்கிப் படிக்கிறார்கள். "மலைமேல் காட்டுமிராண்டிகள்" என்று ஆரம்பித்தால் அந்தப் பிள்ளை அன்றோடு சரி. அதே மலையில் உண்மையான கதைக்களம் கிடக்கிறது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள் 1976 வரை அங்கே இருந்தன. மூன்று ஜாகீர், ஒரு தேன் பாறை, வெள்ளிமலைச் சந்தைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. ஆளுக்கொரு ஜாகீரிலிருந்து ஆள் புறப்படட்டும். வெஸ்லியின் ஜெர்மன் ஊரைவிட இது மோசமா?

பகடை வாங்கக் காசில்லை, இருபது முகப் பகடை இங்கே கிடைக்கவில்லை என்று சொன்னீர்கள். தாயக்கட்டை எதற்கு இருக்கிறது? இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. பதினாறு வகையாக விழும். வெறுமை இரண்டும் சேர்ந்தால் பன்னிரண்டு. நாலோ அதற்கு மேலோ விழுந்தால் காரியம் பலித்தது என்று வைத்தால் 16க்கு 7 தடவை பலிக்கும்; பாதிக்குச் சற்றுக் குறைவு, கதைக்குச் சரியான அளவு. தாயம் விழுந்தால் இன்னொரு தடவை உருட்டுவேன் என்று பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். கொடுத்துவிடுங்கள். அவர்கள் கொண்டுவந்த விதி அது, அதற்காகவே இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவார்கள். சின்னசேலம் பக்கத்து மரச் சிற்பிகளின் கைவேலைக்கு, கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் என்று 2021இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மேசைமேல் வைக்க உங்கள் வில்லாளிக்கும் வைத்தியனுக்கும் பொம்மை வேண்டுமென்றால், அவர்கள் பட்டறையில் கழிக்கிற துண்டு மரம் போதும், கேட்டுப் பாருங்கள்.

பேச்சு நீண்டுவிட்டது. உங்களில் இரண்டு பேர் போனைப் பார்த்ததையும் பார்த்தேன். அது என் குறைதான், மேலே நான் பேசியதை வைத்தே சொல்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். சுற்று வட்டாரத்தில் அடுத்த பாரதம் எந்த ஊரில் என்று விசாரித்து, நாலைந்து பேராகக் கிளம்புங்கள். ராத்திரி கூத்தைப் பாருங்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள். மறுநாள் பகலில், ஆட்டக்காரர்கள் எழுந்து சாப்பிட்ட பிறகு, கட்டியங்காரன் வேஷம் கட்டியவரிடம் போய் உட்கார்ந்து, கூட்டம் கலைகிற மாதிரி இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். இந்தப் பக்கம் பாரதம் நடப்பது பெரும்பாலும் பங்குனியிலிருந்து ஆடி வரை. அந்த மாதங்களில் சனி, ஞாயிறுகளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.